வேரும் கவலையும்: இரத்த அழுத்தம் சொல்லும் வரலாறு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

இரத்த அழுத்தம் பற்றி நம் குடும்பங்களில் இரண்டு பேச்சுகள் அடிக்கடி எழும். "வாப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்துவிட்டது, என்ன செய்ய முடியும்?" என்பது ஒன்று. "எல்லாம் கவலையால் வருவது, திக்ரு செய்தால் போதும், மாத்திரை எதற்கு?" என்பது மற்றொன்று. முன்னது முயற்சியைக் கைவிடுகிறது. பின்னது ஈமானின் பெயரால் மருந்தைத் தள்ளுகிறது. இரண்டும் பிழை என்பதை வரலாறு உணர்த்துகிறது.

மரபு என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. கறுத்த நிறத்தில் மகன் பிறந்ததால் ஐயமுற்று வந்த கிராமத்து அரபி ஒருவரிடம், நபி (ஸல்) அவர்கள் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தைப் பற்றி வினவினார்கள். சிவந்த ஒட்டகங்களிடையே சாம்பல் நிற ஒட்டகமும் இருப்பதற்கு, முன்னைய வேர் ஒன்று இழுத்திருக்கலாம் என அவரே விடை கூறினார். மகனின் நிறமும் அவ்வாறே இருக்கலாம் என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இந்த ஹதீஸ் உள்ளது. இதில் வரும் 'இர்க்' என்னும் சொல்லுக்கு வேர் என்றும் பொருள் உண்டு. இரத்த நாளம் என்றும் பொருள் உண்டு.

மனமும் உடலும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதையும் நம் அறிஞர்கள் எழுதிவைத்தனர். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ (ரஹ்) அவர்கள், உடல்நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் ஆராய்ந்தார்கள். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றை ஈமானின் குறையென ஒதுக்காமல், எவருக்கும் நேரக்கூடிய, சிகிச்சைக்குரிய துன்பங்களாகவே கண்டார்கள்.

இரத்த அழுத்தத்தை எளிதில் அளக்கும் கைப்பட்டைக் கருவியை இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896இல் அறிமுகப்படுத்தினார். அதன்பின் ஒரு கேள்வி பிறந்தது: இந்நோய் எவ்வாறு குடும்பத்தில் இறங்குகிறது? 1950களில் பிரிட்டனில் இரு பெரும் மருத்துவர்கள் இதற்காக மோதினர். ஒரே ஒரு மரபணுவே காரணம். அதைப் பெற்றவர் நோயாளி, பெறாதவர் நலமானவர் என்றார் இராபர்ட் பிளாட். உயரத்தைப் போலவே பல மரபணுக்களும் வாழ்க்கைச் சூழலும் சேர்ந்து முடிவு செய்கின்றன என்றார் ஜார்ஜ் பிக்கரிங். பிற்கால ஆய்வுகள் பிக்கரிங்கின் பக்கமே சாய்ந்தன. சிறு சிறு தாக்கமுடைய நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. ஆகவே, பெற்றோர் தருவது தீர்ப்பன்று. ஒரு சாய்வு மட்டுமே.

கவலையின் பங்கை 1983இல் இத்தாலியில் மான்சியா குழுவினர் அளந்து காட்டினர். மருத்துவர் அருகில் வந்த சில நிமிடங்களிலேயே நோயாளிகளின் மேல் அளவு சராசரியாக ஏறத்தாழ 27 புள்ளிகள் உயர்ந்தது. பின்னர் மெல்லத் தணிந்தது. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் இதயத்தை விரைவாகத் துடிக்கச் செய்வதே இதற்கு ஒரு காரணம்.

இவ்விரண்டும் சேர்ந்தால்? அமெரிக்காவில் கேத்லீன் லைட் குழுவினர், இளைஞர்களின் உடல் மன அழுத்தத்துக்கு எவ்வாறு எதிர்வினை காட்டுகிறது எனச் சோதித்து, பத்தாண்டுகள் கழித்து மீண்டும் பரிசோதித்தனர். 1999இல் வெளியான முடிவு சிந்திக்கத்தக்கது. மிகுதியான எதிர்வினை மட்டும் இருந்தவர்களுக்குப் பின்னாளில் அழுத்தம் கூடிவிடவில்லை. அத்துடன் குடும்ப வரலாறும் அன்றாட வாழ்வின் நெருக்கடியும் சேர்ந்திருந்தவர்களிடமே அது தெளிவாக உயர்ந்திருந்தது. வேர் தனித்து இழுப்பதில்லை. கவலையும் கூடவே இழுக்கிறது.

அன்புச் சகோதர சகோதரிகளே! உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ இந்நோய் இருப்பின், அதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். இளவயதிலிருந்தே அவர்கள் அளந்து பார்க்கட்டும். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின்னரே அளக்கச் சொல்லுங்கள். சமையலில் உப்பைக் குறையுங்கள். தொழுகையும் திக்ரும் உள்ளத்துக்கு அமைதி தரும். ஆனால் அவற்றைக் காட்டி மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் நம் நபியவர்களே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தையும் உள்ளத்து அமைதியையும் அருள்வானாக. ஆமீன்.