கங்கைக்கு வந்த அரியலூர் நத்தை

கல்கத்தாவில் எனக்கு முன்னாலேயே குடியேறிய அரியலூர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது சுமார் 6.6 கோடி. கடல் நத்தை. பெயர் டரிடெல்லா டிஸ்பாஸா.

வட்டமாகச் சுருண்ட நத்தை அல்ல இது. ஸ்க்ரூ ஆணி போல நீண்டு, புரிபுரியாகக் கூர்ந்து முடியும் ஓடு. டரிடெல்லா என்றால் லத்தீனில் சின்னக் கோபுரம் என்ற மாதிரி அர்த்தம். இதன் உறவுக்காரர்கள் இன்றும் நம் கடலில் உண்டு. ராமேஸ்வரத்தில் சங்கு, சிப்பி விற்கும் கடைகளில் பார்த்திருப்பீர்கள். இந்த இனம்தான் அழிந்துவிட்டது.

அரியலூரில் ஏது கடல் என்று என் பையனும் கேட்டான். டைனோசர் காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் கடல்தான். அதன் அடியில் படிந்த சுண்ணாம்புக்காகத்தான் இன்று அங்கே இத்தனை சிமெண்ட் ஆலைகள்.

1850களின் கடைசியில் ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் திருச்சி, அரியலூர் பக்கம் நிலவியல் சர்வே செய்தார். சேகரித்த ஓடுகள் கல்கத்தாவில் இருந்த இந்திய நிலவியல் ஆய்வகத்துக்கு வந்தன. (ராஜேந்திர சோழன் கங்கைத் தண்ணீரைக் கங்கைகொண்டசோழபுரத்துக்குக் கொண்டுபோனான். அதே வட்டாரத்து நத்தையை இவர்கள் கங்கைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கணக்கு சரி!)

இங்கே அவற்றை உட்கார்ந்து பார்த்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா. இன்றைய செக் நாட்டில், மொராவியாவில் 1838ல் பிறந்தவர். 1862ல் வேலைக்காகக் கல்கத்தா வந்தார். ஒரு விதத்தில் நம்ம கேஸ்தான். தென்னிந்திய நத்தை ஓடுகளைப் பற்றி மட்டுமே 1867-68ல் பெரிய புத்தகம் போட்டார். டிஸ்பாஸா என்று பெயர் வைத்ததும் அவரே. 1874ல் யார்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலையில் இறந்தார். 36 வயது. லே நகரில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

வெறும் பெயர் வைத்ததில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ராஜமுந்திரி அருகே, தக்காணத்தின் எரிமலைப் பாறைக்கு அடியில் இருக்கும் கடல் படிவிலும் இதே நத்தையை அடையாளம் கண்டார்கள். அந்த லாவா மேற்கிலிருந்து சுமார் 1000 கிலோமீட்டர் ஓடி வந்தது என்கிறார்கள். அதற்கு அடியில் நத்தை கிடைத்தால், நத்தை முதலில், லாவா பிறகு. லாவாவின் வயதைத் தேடியவர்களுக்கு இது ஒரு பிடி. டைனோசர்கள் அழிந்ததற்கு அந்த எரிமலைகளும் காரணமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. 2008ல் கெர்டா கெல்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வுக்கும் இந்த ராஜமுந்திரி படிவுகள்தான் ஆதாரம்.

நம்மூர்ப் பொருள் இங்கே ஏன் கிடக்க வேண்டும் என்று சிலர் கோபப்படுவார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது எந்த ஓட்டைப் பார்த்து வைத்தார்களோ அதைப் பத்திரமாக வைத்திருந்தால்தான், நாளைக்குக் கிடைப்பதை ஒப்பிட்டு, அதுவா இதுவா என்று சொல்ல முடியும். ஊரிலேயே கிடந்திருந்தால் இந்நேரம் ஏதோ ஓர் அபார்ட்மெண்ட் சுவரில் சிமெண்டாகப் பூசியிருப்பார்கள். சாத்தனூர் கல்மரத்துக்குக் கிடைத்த வேலி எல்லா நத்தைக்கும் கிடைத்துவிடாது.

கோரமண்டலில் ஊருக்குப் போகிறவர்கள் ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலம் வரும்போது பிள்ளைகளை எழுப்பிக் காட்டுங்கள். அந்த நத்தை வாழ்ந்த ஒரு கடற்கரை அங்கே. இன்னொன்று, சென்னையில் இறங்கி திருச்சி ரயில் பிடித்தால், விருத்தாசலத்துக்கு அப்புறம்.