கூப்பிட்ட குரல் எங்கே போயிற்று?

கூப்பிட்டால் பதில் வர வேண்டும். மனிதன் பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவனுக்கு உள்ள பிடிவாதங்களில் இது ஒன்று. தெருக்கோடியில் போகிறவரை, "ஓய், ராமசாமி!" என்று கூப்பிடுகிறோம். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டால், 'பாவம், காதில் விழவில்லை போலிருக்கிறது' என்று நாம் நினைப்பது அபூர்வம். "பிள்ளைக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்தது, மனிதருக்குக் கழுத்துத் திரும்பவில்லை, பார்த்தீரா?" என்றுதான் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறோம்.

டெலிபோன் வந்த பிறகு இந்தக் குணம் மாறவில்லை, முற்றித்தான் போயிருக்கிறது. செல்போனில் ஒருவரைக் கூப்பிடுகிறோம். மணி பத்துத் தடவை அடித்து ஓய்ந்தால் மனசு சமாதானப்பட்டுவிடும். குளித்துக்கொண்டிருப்பார், பூஜையில் இருப்பார். ஆனால் ஒரு மணிகூட அடிக்காமல், கூப்பிட்ட மறுகணமே, 'இப்போது பேச முடியாது, உங்கள் செய்தியைச் சொல்லிவிட்டு வையுங்கள்' என்று ஒரு யந்திரக் குரல் கேட்டால்? 'என் பெயரைப் பார்த்ததும் பெட்டியில் தள்ளிவிட்டார்' என்று தீர்மானித்துவிடுகிறோம். சாட்சி இல்லை, விசாரணை இல்லை, நேரே தீர்ப்பு!

இந்தப் பெட்டிக்கு வாய்ஸ் மெயில் என்று பெயர். நம் ஊரில் இது அவ்வளவாக வேரூன்றவில்லை. 'ஸ்விட்ச் ஆஃப்' என்ற அறிவிப்போடு நம் கதை முடிந்துவிடும். மேல்நாடுகளில்தான் பெட்டியின் ஆட்சி. இருந்தாலும், போன குரல் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு நூற்று முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தைப் புரட்டினால், அவசரத் தீர்ப்புச் சொல்லுகிற நம் வழக்கம் கொஞ்சம் தளரும் என்பது என் நம்பிக்கை.

சரித்திரம் ஒரு சவ அடக்க வியாபாரியிடம் தொடங்குகிறது. அமெரிக்காவில் கான்ஸாஸ் ஸிட்டி என்ற நகரத்தில் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர் இறந்தவர்களுக்கு வேண்டிய காரியங்களைச் செய்து கொடுக்கும் தொழில் நடத்திவந்தார். அந்தக் காலத்தில் டெலிபோனை எடுத்தால் நேரே நண்பர் பேச மாட்டார். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண் பேசுவாள். இன்னாரோடு பேச வேண்டும் என்று சொன்னால், அவள் கம்பியைச் சொருகி இணைத்துக் கொடுப்பாள். ஸ்ட்ரௌஜருக்கு வரவேண்டிய அழைப்புகள் வரவில்லை. ஊரில் சாவு குறைந்ததாகவும் தெரியவில்லை! எக்ஸ்சேஞ்சுப் பெண்தான் தம்மைக் கேட்கும் அழைப்புகளைப் போட்டிக் கடைக்குத் திருப்புகிறாள் என்று அவர் முடிவுகட்டினார். அவள் போட்டிக்காரரின் மனைவி என்றுகூடக் கதை சொல்வார்கள்.

வேறொருவராக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். ஸ்ட்ரௌஜர் யோசனைக்குப் போனார். நடுவில் மனிதரே இல்லாமல், கூப்பிடுகிறவரே தமக்கு வேண்டிய எண்ணோடு இணைத்துக்கொள்ளும் யந்திரம் ஒன்றை உருவாக்கினார். 1891 மார்ச் 10-ஆம் தேதி அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1892 நவம்பர் 3-ஆம் தேதி இந்தியானா மாகாணத்தில் லா போர்ட் என்ற சிற்றூரில், அவருடைய முறையில் அமைந்த முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்சு திறக்கப்பட்டது. உலகமெங்கும் எண்ணைச் சுழற்றிப் பேசிய கோடிக்கணக்கான ஜனங்கள், ஒரு சவ அடக்க வியாபாரியின் சந்தேகத்துக்குக் கடமைப்பட்டவர்கள்.

இதற்கு இன்னொரு பாடமும் உண்டு. அது டெலிபோன் கம்பெனிக்காரர்கள் தரப்பில் சொல்லப்படுவது. ஸ்ட்ரௌஜரின் புகாரைக் கேட்டு அதிகாரிகள் அவர் கடையைச் சோதித்தார்களாம். சுவரில் ஒரு தகரப் பலகை தொங்கிக்கொண்டிருந்ததாம். காற்றடிக்கும்போதெல்லாம் அது ஆடி டெலிபோன் கம்பியின் முனைகளில் பட, இணைப்பு அறுந்துபோனதாம். எந்தப் பாடம் மெய் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். அழைப்பு வராதபோது நமக்கு ஞாபகம் வருகிறவள் எப்போதும் எக்ஸ்சேஞ்சுப் பெண்தான். தகரப் பலகை ஞாபகத்துக்கு வருவதே இல்லை.

ஸ்ட்ரௌஜரின் யந்திரம் அழைப்பை உரிய வீட்டில் சேர்த்தது. வீட்டில் ஆள் இல்லாவிட்டால்? அதற்கு வழி சொன்னவர் டென்மார்க் தேசத்து வால்டமார் பௌல்ஸன். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். எஃகுக் கம்பியில் காந்த சக்தியால் குரலைப் பதிய வைக்கலாம் என்று கண்டு, 1898-இல் 'டெலிகிராபோன்' என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார். வீட்டுக்காரர் இல்லாத வேளையில் வரும் செய்தியை டெலிபோனே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் ஆசைகளில் ஒன்று. 1900-இல் பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் இந்தக் கருவி எல்லாரையும் பிரமிக்க வைத்தது. ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோஸப் அதில் பேசினார். நமக்குக் கிடைத்திருக்கும் காந்தப் பதிவுகளில் மிகப் பழையது அதுதான். சக்கரவர்த்தியும் போனார், சாம்ராஜ்யமும் போயிற்று. ஒரு கம்பிச் சுருளில் குரல் மட்டும் தங்கிவிட்டது.

இவ்வளவு நல்ல யுக்தி உடனே வீடுதோறும் வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. வராததற்குக் காரணம்தான் சுவாரசியமானது. 1930-களின் முற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கிளாரென்ஸ் ஹிக்மன் என்ற விஞ்ஞானி, நன்றாக வேலை செய்யும் பதில் சொல்லும் யந்திரம் ஒன்றைச் செய்துவிட்டார். ஆனால் ஏ.டி. அண்ட் டி. கம்பெனி அதை வெளியே விடவில்லை. பேச்சு பதிவாகிவிடும் என்று தெரிந்தால் ஜனங்கள் டெலிபோனில் பேசவே அஞ்சுவார்கள் என்று மேலிடத்தார் பயந்தார்கள். வியாபாரி வாக்குக் கொடுக்கத் தயங்குவான். அந்தரங்கம் பேசுகிறவர்கள் கடிதத்துக்குத் திரும்பிவிடுவார்கள். டெலிபோன் வருமானம் படுத்துவிடும்! மார்க் கிளார்க் என்ற சரித்திர ஆசிரியர் பழைய தஸ்தாவேஜுகளைக் கிளறி 1993-இல் எழுதிய பிறகுதான் இந்தச் சமாசாரம் நன்றாக வெளியே தெரிந்தது. பிறர் செய்த கருவிகளைத் தன் கம்பிகளில் பொருத்தவும் அந்தக் கம்பெனி நெடுங்காலம் இடம் கொடுக்கவில்லை. 1968-இல் 'கார்ட்டர்ஃபோன்' வழக்கில் அமெரிக்கச் சர்க்காரின் தகவல்தொடர்புக் கமிஷன் தீர்ப்பளித்த பிறகே அந்தக் கதவு திறந்தது.

அடுத்த படி, யந்திரத்தை வீட்டிலிருந்து எடுத்து எங்கோ ஓரிடத்தில் பொதுவாக வைப்பது. 1970-களில் பலர் இதற்கு முயன்றார்கள். டெக்ஸாஸ் மாகாணத்துக் கார்டன் மாத்யூஸ் 1979-இல் விண்ணப்பம் போட்டு, 1983-இல் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு அலுவலகங்களில் வாய்ஸ் மெயில் பரவியது. வந்தவர் பெயரைச் சீட்டில் குறித்து வைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு வேலை குறைந்தது.

செல்போன் வந்தபோது ஒரு புதுச் சங்கடம் முளைத்தது. வீட்டு டெலிபோன் இருந்த இடத்திலேயே இருக்கும். செல்போனோ பஸ்ஸில் போகும், ரயிலில் போகும், சட்டைப்பையோடு சலவைக்கும் போகும். அதை எங்கே தேடுவது? ஆகையால் ஒவ்வொரு செல்போனும் தான் இருக்கும் வட்டாரத்தைக் கம்பெனியின் பதிவேட்டுக்கு அவ்வப்போது தெரிவித்துக்கொண்டே இருக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். நாம் ஒருவரைக் கூப்பிட்டால் கம்பெனி முதலில் பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான். முறைப்படி அணைக்கப்படும் செல்போன், 'நான் தூங்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டே தூங்குகிறது. அதனால்தான் மணியே அடிக்காமல் அழைப்பு பெட்டிக்குப் போகிறது. மலைச்சரிவிலோ சுரங்கப் பாதையிலோ அகப்பட்டுக்கொண்ட செல்போனுக்குச் சொல்லிக்கொள்ள அவகாசம் கிடைப்பதில்லை. கம்பெனி சில விநாடி அதன் பெயரைச் சொல்லித் தேடிவிட்டு, காணாமல், பிறகு பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறது. கூப்பிடுகிறவர் காதில் விழும் அந்தச் சில விநாடி மௌனம் தேடலின் மௌனம்; நாம்தான் அதைக் கோபத்தின் மௌனம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், அமெரிக்காவில் இருக்கும் தம் பெண்ணோடு பேசி மூன்று மாதமாயிற்று என்று மனம் உடைந்து சொன்னார். காலைக் காப்பி, பத்திரிகை எல்லாம் முடித்துப் பத்து மணிக்குக் கூப்பிடுவாராம். உடனே யந்திரம் பேசுமாம். "நிலத்தை விற்றதில் அவளுக்கு மனஸ்தாபம். அப்பா குரலே வேண்டாம் என்றாகிவிட்டது" என்றார். இங்கே காலை பத்து மணி என்றால் அந்தப் பெண் இருக்கும் ஊரில் நள்ளிரவு தாண்டியிருக்கும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 'தொந்தரவு செய்யாதே' என்று தன் ஐபோனுக்குச் சொல்லி வைத்திருந்தாள். அந்த நேரத்தில் வந்த அழைப்புகளெல்லாம் பெட்டிக்குப் போயின. அந்தக் கருவியில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒரே ஆள் மூன்று நிமிஷத்துக்குள் மறுபடி கூப்பிட்டால், அவசரமாக இருக்கும் என்று எண்ணி மணியை அடிக்கவிடும். அந்த ஏற்பாடும் அவள் போனில் இருந்தது. ஆனால் இரண்டாம் தடவை கூப்பிடப் பெரியவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. பெட்டியில் ஒரு வார்த்தை சொல்லவும் மனம் வரவில்லை. அவளோ, 'அப்பாவுக்குக் கோபம். கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் வைத்துவிடுகிறார்' என்று அங்கே அழுதுகொண்டிருந்தாள்.

ஆகவே குற்றவாளியைத் தேடுமுன் தகரப் பலகையைத் தேடுவது நல்லது. தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. வேறொருவர் போனிலிருந்து அதே எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள். அதற்கும் மணி அடிக்காவிட்டால் கோளாறு அந்தப் பக்கத்தில். உங்கள் மேல் விரோதம் இல்லை. அதற்கு மட்டும் மணி அடித்தால், உங்கள் எண் தடுப்புப் பட்டியலில் இருக்கலாம்; கை தவறிச் சேர்க்கப்பட்ட எண்களும் அதில் உண்டு. உங்களுக்கு வரும் அழைப்புகளே காணாமற்போனால், விமானப் பயணத்துக்கான நிலை, 'தொந்தரவு செய்யாதே', தெரியாத எண்களை மௌனமாக்கும் ஏற்பாடு ஆகிய மூன்றையும் பாருங்கள். பிறகு *#21# என்று அழுத்தினால், எல்லா அழைப்புகளையும் வேறிடத்துக்குத் திருப்பும் கட்டளை ஏதாவது இருக்கிறதா என்று பல கம்பெனிகளில் தெரிந்துவிடும். ##002# என்பது எல்லாத் திருப்பங்களையும் ரத்து செய்வது. ஊருக்குப் போனபோது போட்ட கட்டளையை மறந்து, வருஷக் கணக்கில் அழைப்புகளை இழந்தவர்கள் உண்டு.

அப்படியானால் குற்றவாளி எப்போதும் தகரப் பலகைதானா? அதுவும் இல்லை. 2011 ஜூலையில் பிரிட்டனில் 'நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்' என்ற 168 வருஷத்துப் பத்திரிகை இழுத்து மூடப்பட்டது. அதன் ஆட்கள் பிறருடைய வாய்ஸ் மெயில் பெட்டிகளைத் திறந்து கேட்டுவந்ததுதான் காரணம். ரகசிய எண்ணை மாற்றாமலே விட்டிருந்தவர்கள் பலர். 2002-இல் காணாமற்போய்க் கொலையுண்ட மில்லி டௌலர் என்ற சிறுமியின் பெட்டியையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. நிரம்பிக் கிடந்த அந்தப் பெட்டியில் திடீரென்று இடம் ஏற்பட்டதைக் கண்டு, மகள் உயிரோடிருந்து செய்திகளைக் கேட்கிறாள் என்று தாய் நம்பினாள். பத்திரிகைக்காரர்களே செய்திகளை அழித்தார்கள் என்று முதலில் எல்லாரும் எண்ணினார்கள். பிறகு, குறித்த நேரத்துக்குப்பின் யந்திரம் தானாகவே அழித்திருக்கலாம் என்று போலீசார் சொன்னார்கள். நிச்சயமாக நிறுவ முடியவில்லை. ஒரே பெட்டிக்குள் எக்ஸ்சேஞ்சுப் பெண்ணும் தகரப் பலகையும் சேர்ந்து குடியிருந்த பரிதாபம் இது.

நம் நாட்டிலும் ஸ்ட்ரௌஜரின் சந்தேகம் புது உருவத்தில் மெய்யாகிவிட்டது. டெலிபோன் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவன் கூப்பிடுவான். "உங்கள் சிம்மில் கோளாறு, *401* என்று போட்டு இந்த எண்ணை அழுத்துங்கள், சரியாகிவிடும்" என்பான். அழுத்திய கணத்திலிருந்து நமக்கு வரும் அழைப்பெல்லாம் அவனிடம் போகும். பாங்கியிலிருந்து குரலில் வரும் ஓ.டி.பி.யும் போகும், பின்னாலேயே பணமும் போகும். இதனால்தான், இப்படிக் குறியீட்டை அழுத்தி அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது.

கோளாறு வந்த இடத்தில் சோதிக்காமல் சொந்தக்காரர்களைச் சந்தேகிக்கிறோம். முகம் தெரியாதவன் சொல்லும் எண்ணையோ ஒரு கேள்வி கேட்காமல் அழுத்திவிடுகிறோம். நம் சந்தேகமும் நம் நம்பிக்கையும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை எழுப்பி, அதது அதன் இடத்தில் உட்காரச் சொன்னால் போதும். அந்நியன் சொன்னால் அழுத்தாதீர்கள். வேண்டியவர் எடுக்காவிட்டால் இரண்டாம் தடவை கூப்பிடுங்கள். அதற்கும் பெட்டிதான் பேசினால், பெட்டியிடமே ஒரு வார்த்தை அன்பாகச் சொல்லி வையுங்கள். பௌல்ஸன் அந்தக் கம்பிச் சுருளைக் கண்டுபிடித்தது அதற்காகத்தான்.