மாணவர் எதிர்பார்ப்பும் ஆங்கில ஆசிரியரும்

ஆங்கிலம் கற்பிப்பதற்காக அந்நிய நாடுகளுக்குச் செல்லும் ஆசிரியர்கள் பலர், முதலாந் தவணை முடிவதற்கு முன்னரே ஏறக்குறைய ஒரே விதமான முறைப்பாடுகளைத் தெரிவிப்பதைக் காணலாம். கேள்வி கேட்டால் எவரும் வாய் திறப்பதில்லை. இலக்கணத்தைத் தவிர வேறெதனையும் விரும்புவதில்லை. பேசச் சொன்னால் பேசுகிறார்கள், எழுதச் சொன்னால் பேனை அசைவதில்லை. இம்முறைப்பாடுகள் விரைவிலேயே ஒரு தேசத்தின் குணமாகப் பேசப்படத் தொடங்கிவிடுகின்றன. ஜப்பானியர் கூச்சம் மிக்கவர், கொரியர் பரீட்சையை மட்டுமே நினைப்பவர், அரபு மாணவர் எழுதச் சோம்புபவர் என்னும் முத்திரைகள் குத்தப்படுகின்றன.

நாட்டுக்கு நாடு மாணவரின் எதிர்பார்ப்பு வேறுபடுகின்றது என்பது உண்மையே. ஆயினும் அவ்வேறுபாடு பிறப்பால் வருவதன்று. மாணவர் எழுதவேண்டிய பரீட்சை, அவர் பழகிவந்த வகுப்பறை, ஆங்கிலத்தால் அவர் அடைய விரும்பும் பயன் ஆகிய மூன்றுமே அதனை உருவாக்குகின்றன. இதனை உணராத ஆசிரியர் மாணவரைத் தவறாக எடைபோடுகின்றார். அதன் விலையைச் செலுத்துபவர் மாணவரே.

ஆசிரியர் கொண்டு செல்லும் முறை

வெளிநாடு செல்லும் ஆசிரியர்கள் பெரும்பாலும் தொடர்பாடல்வழிக் கற்பித்தல் முறையிலேயே பயிற்றப்படுகின்றனர். 1970களில் பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்த இம்முறையில் ஆசிரியர் குறைவாகப் பேசுவார். மாணவர் இருவர் இருவராகவும் சிறு குழுக்களாகவும் உரையாடுவர். பிழை திருத்துவதை விடப் பேச்சு தடைப்படாதிருப்பதே முக்கியமெனக் கருதப்படும்.

இம்முறை பிரித்தானியா, வட அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகியவற்றின் தனியார் மொழிக்கல்வி நிலையங்களின் சூழலுக்கு ஏற்ப உருவானது என்பதை, ஏட்ரியன் ஹொலிடே என்னும் ஆய்வாளர் 1994 இல் வெளியிட்ட தமது நூலில் எடுத்துக்காட்டினார். அங்கு வகுப்புகள் சிறியவை. மாணவர் பலர் தாமே விரும்பிப் பணம் செலுத்திக் கற்க வந்தோர். ஐம்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் அரசாங்கப் பாடசாலைக்கு அதே முறையை அப்படியே கொண்டு செல்லும்போது முரண்பாடு தோன்றுவது இயல்பே.

கிழக்காசியாவின் பரீட்சைகள்

ஜப்பான் அரசாங்கம் 1987 ஆம் ஆண்டு ஆரம்பித்த ஜெட் திட்டத்தின் கீழ், ஆங்கில நாடுகளின் இளம் பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் அந்நாட்டுப் பாடசாலைகளுக்கு உதவி ஆசிரியர்களாகச் சென்றுள்ளனர். அவர்கள் சென்றடைந்த வகுப்பறையில் 'யகுடோக்கு' எனப்படும் மொழிபெயர்ப்பு முறை ஆழ வேரூன்றியிருந்தது. ஆங்கில வாக்கியத்தைச் சொல் சொல்லாக ஜப்பானிய மொழிக்கு மாற்றிப் பொருள் காணும் இம்முறை, பண்டைய சீன நூல்களைக் கற்ற மரபிலிருந்து வந்தது. பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சைகளும் நீண்டகாலம் அதற்கே துணைநின்றன. அவ்வகுப்பில் திடீரெனப் பெயர் சொல்லிக் கேட்கப்படும் மாணவர், பலர் முன்னிலையில் பிழைவிட விரும்பாது அருகிலிருப்பவரிடம் கலந்தாலோசித்த பின்னரே விடையளிப்பார். இம்மௌனத்தை அறியாமை என்று கொள்வது தவறு.

அதே மாணவர் தொழிலில் சேர்ந்த பின்னர் 'எய்கைவா' எனப்படும் தனியார் உரையாடல் வகுப்புக்குச் செல்லும்போது, வெளிநாட்டு ஆசிரியர் தம்முடன் கலகலப்பாகப் பேசவேண்டுமென்றே எதிர்பார்க்கின்றார். ஒரே நாட்டின் ஒரே மனிதர் இரு இடங்களில் இரு வேறு எதிர்பார்ப்புகளைக் கொண்டிருப்பதற்குத் தேசிய குணம் என்ற விளக்கம் போதாது.

தென்கொரியாவில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் நடைபெறும் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை முழு நாட்டையும் கட்டிப்போடுகின்றது. ஆங்கிலச் செவிமடுத்தற் பகுதி நடைபெறும் வேளையில் விமானங்கள் ஏறவும் இறங்கவும் அனுமதிக்கப்படுவதில்லை. ஆங்கிலப் பாடத்தில் 70 நிமிடங்களில் 45 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். அவற்றுள் 17 செவிமடுத்தலுக்குரியவை. பேச்சுப் பரீட்சை எதுவும் இல்லை. இறுதியாண்டு மாணவர் மொழி விளையாட்டை நேர விரயமெனக் கருதினால் அதில் வியப்பேது? ஆனால் 'ஹாக்வொன்' என அழைக்கப்படும் தனியார் நிலையங்களுக்கு வரும் சின்னஞ்சிறு பிள்ளைகள் விளையாட்டையே நாடுகின்றனர். கட்டணம் செலுத்தும் பெற்றோர் வீட்டில் காட்டத்தக்க முன்னேற்றத்தைக் கேட்கின்றனர். ஆசிரியர் இரு தரப்புக்கும் பதில் சொல்லவேண்டியவராகின்றார்.

ஆசிரியர் யார் என்பதிலும் அங்கு எதிர்பார்ப்பு உண்டு. உரையாடல் ஆசிரியருக்கான விசா, நீண்டகாலமாக அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய 7 நாடுகளின் பிரஜைகளுக்கே முக்கியமாக உரியதாக இருந்து வந்துள்ளது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர் என்னும் கருத்தை மொழியியலாளர் பலர் மறுத்துள்ள போதிலும், பெற்றோர் மனதிலும் சட்டத்திலும் அது நிலைத்துள்ளது.

சீன மாணவர் பற்றி மார்ட்டின் கோர்டாசி, லிக்சியான் ஜின் ஆகிய இருவரும் 1990களில் செய்த ஆய்வுகள் இவ்விடயத்தில் முக்கியமானவை. நல்லாசிரியர் ஆழ்ந்த அறிவு கொண்டவராக இருக்கவேண்டும் என்பதே சீன மாணவரின் முதன்மை எதிர்பார்ப்பாக இருந்தது. மேனாட்டு ஆசிரியரோ, கேள்வி கேட்டுக் கேட்டு மாணவர் கற்கவேண்டுமென விரும்பினார். முதலில் விளங்கிக்கொண்டு பின்னரே கேட்பதுதான் முறை என மாணவர் எண்ணினர். ஆசிரியர் மாணவரை ஊக்கமற்றவர் என்றும், மாணவர் ஆசிரியரை ஆழமற்றவர் என்றும் கருதும் நிலை இவ்வாறே தோன்றுகின்றது.

சவூதியும் மாலைதீவும்

சவூதி அரேபியாவின் பல்கலைக்கழகங்களில், துறையொன்றுக்குள் நுழையுமுன்னர் ஆங்கிலம் முக்கிய இடம்பெறும் ஆயத்த ஆண்டொன்றைக் கடக்கவேண்டும். விரும்பிய பீடத்தை அந்த ஆண்டின் புள்ளிகளே தீர்மானிப்பதால், எது பரீட்சைக்கு வரும் என்ற கேள்வியே வகுப்பில் முதலில் எழும். வலமிருந்து இடமாக எழுதிப் பழகியவருக்கு இடமிருந்து வலமாக எழுதுவது புதிய பழக்கம். எழுத்தில் அவர் காட்டும் தாமதத்துக்குச் சோம்பலை விட இதுவே பெரிய காரணம். 2005 இல் ஆரம்பிக்கப்பட்ட மன்னர் அப்துல்லா புலமைப்பரிசில் திட்டத்தின் மூலம் மேலைநாடுகளுக்குச் சென்ற இளைஞர் பலர், ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் வகுப்பில் முதன்முறையாக அமர்ந்தனர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

எமது ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் சென்றுவரும் மாலைதீவில் நிலைமை வேறு. 1960களின் தொடக்கத்தில் தலைநகர் மாலேயின் பாடசாலைகள் ஆங்கிலத்தைப் போதனா மொழியாக ஏற்றன. இலங்கை ஆசிரியர்களும் அப்போது அங்கு வரவழைக்கப்பட்டனர். அங்கு ஆங்கிலம் விஞ்ஞானத்துக்கும் கணக்கியலுக்கும் வாயில். ஆகவே மாணவர், ஆங்கில ஆசிரியரிடமும் பிரித்தானியப் பரீட்சையில் சித்தியடையச் செய்யும் திறமையையே எதிர்பார்க்கின்றார்.

யாழ்ப்பாணத்தின் படிப்பினை

இவையெல்லாம் வெளிநாட்டவர் கற்பிப்பதால் எழும் சிக்கல்கள் என்று எண்ணினால் அதுவும் முழு உண்மையாகாது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவரும் பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரானவருமான சுரேஷ் கனகராஜா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்க்குக் கற்பித்தபோது கண்டவற்றை 1990களில் ஆய்வாக வெளியிட்டார். போர்க்காலத்தில் நடைபெற்ற அவ்வகுப்பில் அமெரிக்கப் பாடநூலொன்று பயன்படுத்தப்பட்டது. உரையாடலும் செயற்பாடும் நிறைந்த பாடங்களை விட, தெளிவான இலக்கணமும் பரீட்சைக்குதவும் குறிப்புகளுமே மாணவரால் விரும்பப்பட்டன. பாடநூலின் ஓரங்களிலோ அவர்கள் தமது சொந்த உலகத்தையே வரைந்தும் எழுதியும் வைத்திருந்தனர். ஆசிரியரும் தமிழர், மாணவரும் தமிழர். எனினும் எதிர்பார்ப்புகள் விலகியே நின்றன.

ரெனாட்டே ஷூல்ஸ் 2001 இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. இலக்கணம், பிழைதிருத்தம் ஆகியவை பற்றி அமெரிக்காவிலும் கொலம்பியாவிலும் மொழி பயிலும் மாணவரையும் அவர்தம் ஆசிரியரையும் அவர் வினவினார். இரு நாட்டு மாணவரும் தமக்குள் பெருமளவில் ஒத்த கருத்துடையோராயிருந்தனர். இரு நாடுகளிலும் மாணவருக்கும் ஆசிரியருக்குமிடையிலேயே இடைவெளி காணப்பட்டது. தமது பிழைகள் திருத்தப்பட வேண்டுமென மாணவர் விரும்பிய அளவுக்கு ஆசிரியர் விரும்பவில்லை.

செய்யத்தக்கவை

வெளிநாடு செல்லும் ஆசிரியர் முதல் வாரத்தில் செய்யவேண்டியது, மாணவர் எழுதப்போகும் பரீட்சையின் பழைய வினாத்தாளைத் தேடிப் படிப்பதாகும். முந்திய ஆசிரியரின் குறிப்புக் கொப்பியைப் பார்ப்பதும், மாணவர் ஏன் கற்கின்றனர் என்பதைத் தாய்மொழியிலேனும் எழுதச்சொல்லிக் கேட்பதும் நன்று. பேச்சுப் பயிற்சிக்கு முன்னர் சிந்திப்பதற்கு இரண்டு நிமிடம் வழங்கினால், மௌனமாயிருந்த வகுப்பும் பேசத் தொடங்கும். இலக்கண விதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அதன்பின் உரையாடலுக்குச் சென்றால், மாணவர் தமக்கு ஏதோ கிடைத்ததென்ற நிறைவுடன் பின்தொடர்வர். செயற்பாடு ஒவ்வொன்றும் எதற்காக என்பதையும் சொல்லவேண்டும்.

மாணவரின் எதிர்பார்ப்புக்கு முற்றாகப் பணிந்துவிட வேண்டுமென்பது இதன் பொருளன்று. பரீட்சையில் சித்தியடைந்தும் ஒரு வாக்கியம் பேச இயலாத பட்டதாரிகள் ஆசியாவெங்கும் உள்ளனர். அவர்களைப் பேச வைப்பதும் ஆசிரியரின் கடமையே. ஆனால் அம்மாற்றம் மாணவர் நிற்கும் இடத்திலிருந்தே தொடங்கப்படல் வேண்டும். பெற்றோர் வயிற்றைக் கட்டிச் செலுத்தும் கட்டணமும் பிள்ளையின் ஒரேயொரு பரீட்சை வாய்ப்பும் இதில் தங்கியிருக்கின்றன. வகுப்பின் மௌனத்தைக் கண்டு ஒரு தேசத்தையே குறைகூறுமுன், அம்மௌனத்தின் காரணத்தை விசாரித்தறிவது அங்கு செல்லும் ஒவ்வோர் ஆசிரியரதும் பொறுப்பாகும்.