வலைச் சேவையகத்தில் கோப்பு அனுமதிப் பிழை

வலைச் சேவையகத்தில் இயங்கும் ஸ்கிரிப்ட் ஒன்று ஒரு கோப்பைப் படிக்கவோ, எழுதவோ, இயக்கவோ முற்படும்போது, அந்த ஸ்கிரிப்டை இயக்கும் பயனர் கணக்குக்கு அவ்வுரிமை இல்லையென்று இயங்குதளத்தின் உட்கருவான கர்னல் மறுத்துவிடுவது கோப்பு அனுமதிப் பிழை எனப்படும். லினக்ஸ் உள்ளிட்ட யூனிக்ஸ் வழி இயங்குதளங்களில் இம்மறுப்பு 13 என்ற பிழை எண்ணைத் தாங்கி வருகிறது. தளத்தைப் பார்ப்பவரின் உலாவியில் அந்த எண் தெரிவதில்லை. சேவையகத்தால் கோப்பையே படிக்க முடியாதபோது 403 என்றும், ஸ்கிரிப்ட் தொடங்க இயலாமலோ நடுவில் முறிந்தோ போகும்போது பெரும்பாலும் 500 என்றும் மட்டுமே காட்டப்படுகிறது. எந்தப் பாதையில் எந்தச் செயல் மறுக்கப்பட்டது என்ற செய்தி சேவையகத்தின் பிழைப் பதிவேட்டில்தான் இருக்கும் என்பதால், அதைப் படிக்காமல் அனுமதிகளை மாற்றத் தொடங்குவது நோயறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

யூனிக்ஸின் 1971ஆம் ஆண்டு முதல் பதிப்பில் கோப்பு அனுமதிக்கு உரிமையாளர், பிறர் என்ற இரு வகுப்புகளே இருந்தன. குழு என்ற மூன்றாவது வகுப்பு பின்வந்த பதிப்புகளில் சேர்ந்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 எனக் கொண்டு கூட்டுவதால், 644 என்பது உரிமையாளர் படிக்கவும் எழுதவும், மற்ற இரு வகுப்பினர் படிக்க மட்டுமே உரிமை பெற்ற நிலையைக் குறிக்கிறது. கர்னல் இம்மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. கேட்பவர் உரிமையாளரானால் உரிமையாளர் இலக்கத்தை மட்டுமே பார்க்கும். அதில் உரிமை இல்லையென்றால், பிறருக்கு முழு உரிமை தரப்பட்டிருந்தாலும் அவருக்கு மறுப்பே கிடைக்கும். ரூட் என்னும் தலைமைக் கணக்கு மட்டுமே இச்சோதனைகளைப் பெரிதும் கடந்து நிற்கிறது.

ஆகவே தீர்க்க வேண்டிய முதல் கேள்வி, ஸ்கிரிப்ட் யாராக இயங்குகிறது என்பதே. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் அப்பாச்சி சேவையகம் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற கணக்கிலும், ரெட் ஹேட் வழி இயங்குதளங்களில் அப்பாச்சி என்ற கணக்கிலும் இயங்குவது வழக்கம். பிஎச்பி-எஃப்பிஎம் போன்ற தனிச் சேவை ஸ்கிரிப்டை இயக்கினால், அதன் அமைப்புக் கோப்பில் குறித்த கணக்கே கணக்கு, முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் போன்ற வலைச் சேவையகத்தின் கணக்கு அன்று. முனையத்தில் கையால் ஓட்டும்போது நன்றாக வேலைசெய்யும் ஸ்கிரிப்ட் உலாவி வழியே அழைக்கும்போது விழுவதற்கு மிகப் பொதுவான காரணம் இக்கணக்கு வேறுபாடே. ரூட் கணக்கில், குறித்த நேரத்தில் பணிகளைத் தொடங்கும் கிரான் வழியாக இரவில் ஓடும் பணி ஒன்று தற்காலிகச் சேமிப்புக் கோப்பை உருவாக்கிவிட, மறுநாள் காலையில் அதே கோப்பில் எழுத முடியாமல் தளம் நின்றுபோவதும் இவ்வகையே. சூடோ கட்டளையால் சேவையகத்தின் கணக்கை ஏற்று அதே ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தால், ஊகத்துக்கு இடமின்றிப் பிழை பெரும்பாலும் கண்முன்னே வந்துவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பாதை. அடைவுக்கு இயக்குதல் உரிமை என்பது அதைக் கடந்து உள்ளே செல்லும் உரிமையைக் குறிக்கும் என்பதால், கோப்பின் அனுமதி எவ்வளவு தாராளமாக இருந்தாலும், வேரடைவிலிருந்து அக்கோப்பு வரை உள்ள படிகளில் ஒன்று அடைபட்டிருந்தாலும் மறுப்பே கிட்டும். உபுண்டு 21.04 பதிப்பிலிருந்து புதிய பயனர்களின் வீட்டடைவுகள் 750 என்ற அனுமதியோடு உருவாவதால், வீட்டடைவுக்குள் வைத்த தளத்தைச் சேவையகத்தால் எட்ட முடியாமல் போவது இதற்குத் தக்க சான்று. நேம்ஐ என்ற கட்டளை ஒரு பாதையின் ஒவ்வொரு படிக்கும் உரியவரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டுவதால், அடைபட்ட படியை ஒரே பார்வையில் காணலாம்.

கோப்பை உருவாக்குவதும் நீக்குவதும் அதைத் தாங்கும் அடைவின் எழுதும் உரிமையைச் சார்ந்தவை என்பது பலர் தவறவிடும் நுட்பம். எஸ்கியூலைட் தரவுத்தளம் எழுதும் நேரத்தில் தன் பக்கத்திலேயே ஒரு துணைக்கோப்பை உருவாக்குவதால், தரவுத்தளக் கோப்புக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுத்து அடைவுக்குக் கொடுக்காவிட்டால் படித்தல் நடக்கும், எழுதுதல் தோற்கும்.

எல்லா அனுமதிகளும் சரியாகத் தெரிந்தும் 13 என்ற எண் விடாமல் வந்தால், எஸ்இ-லினக்ஸ் என்ற கூடுதல் காவல் அடுக்கை ஐயுற வேண்டும். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இவ்வமைப்பு ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வகைச்சீட்டு ஒட்டி, சேவையகம் எந்தச் சீட்டுள்ளவற்றைத் தொடலாம் என்று தனியே விதிக்கிறது. கோப்பை நகலெடுத்தால் அது பொதுவாகச் சேருமிடத்தின் சீட்டைப் பெறும். நகர்த்தினாலோ பழைய சீட்டோடே வந்து சேரும். வீட்டடைவிலிருந்து நகர்த்திவந்த தளம் திறக்காமல் போவது இதனால்தான். ரிஸ்டோர்கான் கட்டளை சீட்டை உரியபடி திருத்திவிடும் நிலையில், இக்காவலையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரையை ஏற்கத் தேவையில்லை.

கிடைக்காத உரிமையைத் தருவதற்கு 777 என்று எல்லோருக்கும் எல்லாம் திறந்துவிடுவது பரவலாக வழங்கும் தவறான தீர்வு. பலர் பங்கிடும் சேவையகத்தில் அடுத்த கணக்குக்காரரும் கோப்பைத் திருத்த அது வழிவிடுகிறது. தளத்தின் ஒரு மூலையில் நுழைந்தவர் மற்ற ஸ்கிரிப்டுகளிலும் தம் நிரலை எழுதிவைக்க முடிகிறது. அது வேலையையும் கெடுக்கும் என்பது குறிப்பிடத்தக்கது: ஸ்கிரிப்டுகளை அவற்றின் உரிமையாளர் கணக்கிலேயே இயக்குவதற்காக அப்பாச்சி 1.2 பதிப்பில் வந்த எஸ்யு-எக்ஸெக் என்ற வசதி, உரிமையாளர் அல்லாதவர் எழுதக்கூடிய ஸ்கிரிப்டையும் அத்தகைய அடைவில் உள்ள ஸ்கிரிப்டையும் இயக்க மறுத்துவிடும். அங்கே 777 தான் பிழை, 755 தான் மருந்து.

அனுமதிப் பிழை போலத் தோன்றி வேறாக இருப்பவையும் உண்டு. விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டின் முதல் வரி இறுதியில் மறைவாக ஒட்டிவரும் குறியால், அவ்வரியில் குறித்த, ஸ்கிரிப்டை இயக்கும் நிரலின் பெயர் சிதைந்து 2 என்ற எண்ணுடன் கோப்பே இல்லையென்ற பிழை வரும்.

சரியான அமைப்பில் கோப்புகள் 644 ஆகவும், அடைவுகள் 755 ஆகவும், கடவுச்சொல் தாங்கிய அமைப்புக் கோப்பு 640 அல்லது அதனினும் இறுக்கமாகவும் இருக்கும். சேவையகம் எழுத வேண்டிய பதிவேற்ற அடைவு மட்டும் அதன் கணக்குக்கு உரிமையாக்கப்பட்டு, அங்கே எந்த ஸ்கிரிப்டும் இயங்காதபடி தடுக்கப்பட்டிருக்கும்.