பெயர் சூடிய அணிகள்: காஞ்சியில் நகையும் பட்டும் வரலாறு சுமந்த விதம்

முன்னுரை

குடும்ப நகை ஒன்று கைமாறும்போது அதன் எடையும் மாற்றும் கூடவே போகின்றன. யார் செய்வித்தார், யார் திருமணத்துக்கு வந்தது என்ற செய்தி மட்டும் இரண்டு தலைமுறையில் உதிர்ந்துவிடுகிறது. அந்தச் செய்தியைக் காப்பாற்றத் தமிழகத்தில் மூன்று வழிகள் இருந்திருக்கின்றன: கல்லில் வெட்டுவது, நகைக்கே பெயரிட்டு அழைப்பது, ஏட்டில் எழுதி வைப்பது. கோயிலும் நெசவும் ஒருசேர வாழும் காஞ்சிபுரத்தை மையமாக வைத்து இவ்வழிகள் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்லில் ஏறிய நகைப்பெட்டி

அணிகலனை ஆவணமாக்கும் முறையின் முழு வடிவத்தைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காண்கிறோம். முதலாம் இராசராசன் தான் கொடுத்தவற்றையும், தன் அக்கன் குந்தவை கொடுத்தவற்றையும், தேவியர் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் வகைபிரித்து விமானத்தில் வெட்டச் செய்தான். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இப்பட்டியல் உறவுமுறையால் அடுக்கப்பட்டிருப்பது கவனத்துக்குரியது. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல்லும், மணி பதித்த அணிகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லும் பயன்பட்டன. முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து எனத் தரம் பிரித்து எண்ணப்பட்டன. கோத்த சரடும் உள்ளே நிரப்பிய அரக்கும்கூடக் கணக்கில் சேர்ந்தன.

ஆனால் அந்த நகைகள் இன்று இல்லை. அவற்றின் பட்டியலே நமக்குக் கிடைத்திருக்கிறது. கல் நகையைக் காக்கவில்லை, நகையின் நினைவைக் காத்தது.

அத்தியூரில் அரச குடும்பங்கள்

அத்தியூர் எனப்படும் காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. விசயநகரக் காலத்தில் இங்குக் கொடை பெருகியது. கிருஷ்ணதேவராயர் 1514ஆம் ஆண்டளவில் புண்யகோடி விமானத்துக்குப் பொன் வேய்ந்தார். 1533இல் அச்சுதராயர் காஞ்சிக்கு வந்து, முத்துகளுக்கு எதிரே தம்மை நிறுத்துத் துலாபாரம் கொடுத்தார். அரசி வரதாம்பிகையும் மகன் சின்ன வேங்கடாத்திரியும் அந்நிகழ்வில் உடன் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. தந்தை, தாய், மகன் மூவரும் கொடையோடு சேர்த்துப் பதிவாவதால் அக்கல்வெட்டு ஓர் அரச குடும்பத்தின் ஏடாகவும் ஆகிவிடுகிறது.

இந்த ஒழுங்கு 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் குலைந்தது. 1688இல் முகலாயப் படை வரும் என்ற அச்சத்தில் உற்சவ மூர்த்திகள் உடையார்பாளையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பாடை கட்டி, சவ ஊர்வலம் போல மறைத்து எடுத்துப்போனதாகச் செவிவழிச் செய்தி. ஆத்தான் திருவேங்கட ராமானுச சீயரின் முயற்சியாலும் தோடர்மால் என்ற படைத்தலைவரின் உதவியாலும் 1710இல் பெருமாள் திரும்பினார். அதையும் கோயில் கல்லில் எழுதிக்கொண்டது.

நகையே பெயர் சொன்னபோது

அடுத்து வந்த காலத்தில் பதிவு கல்லை விட்டு நகையின் பெயருக்கே இடம்பெயர்ந்தது. பெருமாளின் கழுத்தணிகளுள் ஒன்று 'கிளைவ் மகரகண்டி' என்றே வழங்குகிறது. கர்நாடகப் போர்களின்போது இப்பகுதிக்கு வந்த ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவ் அளித்தது என்பது கோயில் மரபு. 1790களில் இம்மாவட்டத்தின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பெயராலும் ஓர் அணி அறியப்படுகிறது.

19ஆம் நூற்றாண்டில் வேங்கடாத்திரி சுவாமி என்ற தெலுங்கு நாட்டு அடியவர் ஊர் ஊராகப் பாடிப் பொருள் திரட்டிப் பெருமாளுக்குச் செய்வித்த முடி 'வேங்கடாத்திரி கொண்டை' எனப்படுகிறது. அவருக்கு நாடும் இல்லை, குலச் செல்வமும் இல்லை. ஆயினும் தளபதியின் பெயர் நிற்கும் அதே வரிசையில் அவர் பெயரும் நிற்கிறது. உற்சவத்தில் அணி சாத்தும்போதெல்லாம் பெயர் ஒருமுறை உச்சரிக்கப்படுகிறது; அந்த உச்சரிப்பே பதிவாகிறது. அணியாமல் பூட்டி வைத்த நகைக்கு இந்த வாய்ப்பு இல்லை.

வீட்டு வழக்கு: கழுத்துருவும் ஏடும்

கோயிலின் இந்த முறைக்கு வீட்டளவில் மிக நெருங்கி வருவது நகரத்தார் மரபு. தொண்டை நாட்டுக் காஞ்சியில் வாழ்ந்து, பின் காவிரிப்பூம்பட்டினம் சென்று, இறுதியில் பாண்டி நாட்டில் குடியேறியதாக அவர்களின் வரலாறு சொல்கிறது. அவர்களின் திருமணத் தாலியான கழுத்துரு பல பொன் உருப்படிகளை மஞ்சள் சரட்டில் கோத்தது. திருமணத்தில் அணிந்தபின் எடுத்து வைத்து, கணவரின் சாந்திக் கலியாணத்தில் மீண்டும் அணிவார்கள். நகையோடு எழுத்தும் உண்டு: திருமணத்தின்போது இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தம் எழுதப்படுகிறது, சீரும் மொய்யும் ஏட்டில் ஏறுகின்றன. அணியும் எழுத்தும் பிரியாமல் சேர்ந்திருப்பதே இம்மரபின் வலிமை.

பட்டில் நெய்த சாட்சி

காஞ்சிபுரத்து வீடுகளில் நகைக்கு இணையாகக் கைமாறுவது முகூர்த்தப் பட்டு. அதில் பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன் முலாம் பூசிய சரிகை ஓடுகிறது. ஆகவே அது ஆடையும் உலோகமும் ஆகும். நெசவிலேயே காலக்குறிப்பும் உண்டு. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்க, மூன்று நாடாக்களைக் கொண்டு, துணைக்கு ஓர் ஆளை வைத்து நெய்வது கோர்வை. உடலின் பாவோடு முந்தானைப் பாவை இழை இழையாகப் பிணைப்பது பிட்னி. முன்பு கயிறு கட்டி அடை போட்டு எடுத்த உருவங்களைப் பிறகு ஜக்கார்டு அட்டைகள் எடுத்தன. தாழம்பூ ரேக்கு, மயில்கண், ருத்ராட்சம், வங்கி என்று கரையைப் பார்த்தே பெயர் சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு. ஆகவே பழம்புடவை ஒன்று, தான் எந்த முறையில் பிறந்தது என்பதைத் தானே சொல்லும். உடுத்தியவர் யார் என்பதை அதனால் சொல்ல முடியாது.

இங்கேதான் இழப்பு நிகழ்கிறது. பழைய பட்டுப்புடவை வாங்குவோர் சரிகையின் எடைக்கு விலை வைக்கிறார்கள். பட்டு எரிந்து வெள்ளி பிரிகிறது. பாட்டியின் முகூர்த்தப் புடவைக்கும் அடுத்த வீட்டுப் புடவைக்கும் உலையில் வேறுபாடு கிடையாது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. தனித்தனிப் புடவையின் கதையைக் காப்பது அதன் வேலை ஆகாது.

முடிவுரை

தஞ்சையில் எழுத்து இருந்தும் நகை போயிற்று. காஞ்சிக் கோயிலில் விடாமல் அணிந்து பெயர் சொல்லி அழைத்ததால் நகையும் நினைவும் சேர்ந்தே பிழைத்தன. நகரத்தார் ஏட்டையும் அணியையும் இணைத்தார்கள். நம் வீட்டுப் பெட்டிகளில் உள்ள பட்டுக்கும் பொன்னுக்கும் இவற்றுள் ஒன்றேனும் வேண்டும். யாருடைய திருமணம், எந்த ஆண்டு, யார் எடுத்துக் கொடுத்தது என்ற மூன்று வரிகளை ஒரு தாளில் எழுதிப் புடவை மடிப்பில் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை காற்றாட விரிக்கும்போது வீட்டுப் பிள்ளைகளிடம் அதை வாசிக்கச் சொல்லுங்கள்.