மலையகத்துத் தேயிலை மாடங்கள்

தோட்டக் கம்பனிகளின் தலைமையகங்கள் கொழும்பில் எழுந்தன. ஆயினும், அட்டன், நுவரெலியா மலைச்சாரல்களில் அவற்றின் ஆற்றலைக் கண்கூடாகக் காட்டியவை பன்மாடித் தேயிலைத் தொழிற்சாலைகளே. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திற் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், கொழுந்தைத் தம் இல்லத்துத் தாழ்வாரத்திலேயே பதப்படுத்தினார். கோப்பி நோயால் அழிந்து தேயிலை பெருகவே, தனிக் கட்டடம் இன்றியமையாததாயிற்று.

அதன் அமைப்பை வகுத்தது தொழின்முறையே. கொழுந்து மேல்மாடிகளிற் பரப்பி வாட்டப்படும். காற்றுப் புகுதற்பொருட்டே சாளரங்கள் நிரைநிரையாக அமைந்தன. வாடிய கொழுந்து கீழ்த்தளத்துக்கு இறக்கப்பட்டு, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தப்படும்.

இலைக்கு இத்துணைக் காற்றை அளித்த தோட்டங்களிலேயே, அதனைக் கொய்தோர் குடும்பங்கள் ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி கொண்ட, காற்றோட்டமற்ற லயன் அறைகளில் வாழ்ந்தன. கந்தப்பளை ஹெதர்செட் தொழிற்சாலை 1990களிற் சுற்றுலா விடுதியாயிற்று. லயன்கள் பலவோ இன்றும் குடியிருப்புகளே. மலையகக் கட்டட வரலாறு இவ்விரண்டையும் ஒருங்கே கூறுதல் வேண்டும்.