கரும்பும் நோன்பும்: தெற்காசிய இனிப்புகளின் பொது மரபு

அட்சய திருதியையைச் சமணர் போற்றுவதற்குப் பொன்னும் பொருளும் காரணமல்ல. கரும்புச் சாறே காரணம். துறவு பூண்ட ஆதிபகவன் விருஷபதேவர் ஆறு திங்கள் உண்ணா நோன்பு இயற்றினார். அதன்பின் உணவு ஏற்க எழுந்தருளியபோது, துறவிக்கு உணவு அளிக்கும் முறையை மக்கள் அறிந்திருக்கவில்லை. யானையும் குதிரையும் அணிகலனும் கொண்டுவந்து முன்வைத்தனர். அவர் எதனையும் ஏலாது அப்பால் நடந்தார். திங்கள் பல கழிந்தபின், அத்தினாபுரத்துச் சிரேயாம்ச குமாரன் முற்பிறப்பு நினைவால் ஆகாரதான முறையை உணர்ந்து, அவர்தம் ஏந்திய கைகளில் கரும்புச் சாற்றை வார்த்தான். இவ்வரலாற்றை ஆதிபுராணம் விரித்துரைக்கும். பகவானின் குலப்பெயராகிய இட்சுவாகு என்பதையும் கரும்பைக் குறிக்கும் 'இட்சு' என்னும் சொல்லோடு புராணங்கள் இணைத்துக் கூறும். முதல் தீர்த்தங்கரரின் முதல் ஆகாரமே இனிப்பு என்பது எண்ணி மகிழத்தக்கது.

தமிழகத்திலும் கரும்புக்கும் சமணத்துக்கும் தொடர்பு உண்டு. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் இந்நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்தனர் என்று ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். அதே அஞ்சி பள்ளி ஒன்றை ஈந்த செய்தியைத் திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள ஜம்பைக் குன்றின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு தெரிவிக்கிறது. 1981இல் கண்டறியப்பட்ட அக்கல்வெட்டுக் குறிப்பிடும் பள்ளியைச் சமணர் உறைவிடம் எனக் கொள்வர். கரும்பு தந்த குடியும் பள்ளி தந்த குடியும் ஒன்றே.

சொல் காட்டும் வழி

பண்டம் நடந்த வழியைச் சொல் காட்டிக்கொடுக்கும். வடமொழிச் 'சர்க்கரா' பிராகிருதத்தில் 'சக்கரா' ஆயிற்று. சமண ஆகமங்கள் வழங்கிய மொழிக் குடும்பம் அது. முதலெழுத்தாகிய சகரம் கெட்டு அச்சொல் பழந்தமிழில் 'அக்காரம்' ஆயிற்று. அக்காரவடிசில் என்னும் பெயரில் இன்றும் அது வாழ்கிறது. கன்னடத்தில் 'சக்கரெ', தெலுங்கில் 'சக்கெர', மலையாளத்தில் வெல்லத்தைக் குறிக்கும் 'சர்க்கர' என அது உருமாறி நின்றது. சிங்களத்தில் சகரம் ஹகரமாகத் திரிந்து 'ஹகுரு' என வெல்லத்தின் பெயரானது. மேற்கே பாரசீகத்தில் 'ஷகர்', அரபியில் 'சுக்கர்' என்று சென்று ஐரோப்பிய மொழிகளிலும் புகுந்தது. நாட்டுக்கு நாடு எல்லைகள் மாறின. நாவில் நின்ற சொல் ஒன்றாகவே இருந்தது.

அதிரசத்தின் உடன்பிறப்புகள்

இப்பொது மரபுக்கு அதிரசத்தைவிடச் சிறந்த சான்று காண்பது அரிது. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றிலும் நீங்குமுன் இடித்துச் சலிப்பர். வெல்லத்தைப் பாகு காய்ச்சி, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, அது கையால் உருட்டத் திரளும் பதத்தில் இறக்குவர். சுக்கும் ஏலமும் சேர்த்து மாவைக் கிளறி, இலையில் தட்டி, நெய்யிலோ எண்ணெயிலோ வேகவைத்து, எண்ணெய் வடிய அழுத்தி எடுப்பர். பாகு ஒரு கணம் இளகினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும். ஒரு கணம் முற்றினால் கல்லாகும். இந்நுட்பம் கையால் அறியப்படுவது.

இதே பண்டம் கர்நாடகத்தில் 'கஜ்ஜாய'. ஆந்திரத்தில் 'அரிசெலு'; அங்கே சங்கராந்திக்கு எள் தூவிச் செய்து, இரு மரப்பலகைகளுக்கிடையே அழுத்தி எண்ணெய் வடிப்பர். ஒடிசாவில் 'அரிசா பிட்டா'. மகாராட்டிரத்தில் கசகசா ஒற்றிய 'அனார்சே' தீபாவளிப் பலகாரம். அதிக மாதத்தில் மருமகனுக்கு வரிசையாக வைக்கப்படுவதும் அதுவே. பீகாரிலும் நேபாளத்திலும் 'அனர்சா' என்றும், இமயச் சாரலாகிய கட்வாலில் 'அர்சா' என்றும் வழங்கும். கட்வாலுக்கு அது தென்னாட்டிலிருந்து வந்தது என்பது அப்பகுதி மக்களின் வழிவழிச் செய்தி. அரிசெலு, அரிசா, அர்சா ஆகிய பெயர்கள் 'அரிசி' என்னும் சொல்லோடு ஒலியொத்து நிற்பது கருதத்தக்கது. ஒலியொப்புமை ஒன்றையே முடிந்த சான்றாகக் கொள்ளல் ஆகாது. ஆயினும் செய்முறை ஒப்புமை ஐயத்துக்கு இடம் தரவில்லை.

கடல் கடந்தால் இலங்கையில் சிங்களப் புத்தாண்டுத் தட்டில் 'அதிரச' என்னும் பெயரே காணப்படும். அதனருகே, அரிசி மாவும் கித்துள் பாணியும் கலந்து பொரித்த 'கொண்ட கெவும்' இருக்கும். பாணி என்னும் சொல்லும் ஈழத் தமிழர்க்கும் சிங்களவர்க்கும் பொது. பயற்று மாவில் இனிப்புச் சேர்த்து, மாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிக்கும் சிங்களவரின் 'முங் கெவும்', யாழ்ப்பாணத்தின் பயற்றம் பணியாரம், நாஞ்சில் நாட்டின் முந்திரிக்கொத்து ஆகிய மூன்றும் ஒரு தாய் மக்கள் என்பதை உண்டவர் உடனே அறிவர்.

ஆவியில் வெந்த பண்டங்களிலும் இவ்வுறவு உண்டு. மதுரை நகரத்து இரவுக் கடைத்தெருவைக் கூறுமிடத்து மதுரைக்காஞ்சி, மெல்லடையையும் உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகத்தையும், இனிய பாகோடு அப்பம் விற்கும் கூவியரையும் காட்டுகிறது. சமணப் பெருங்காப்பியமாகப் போற்றப்படும் சிலப்பதிகாரம், புகார் நகர வீதியில் பிட்டு விற்கும் காழியரையும் அப்பம் விற்கும் கூவியரையும் வரிசைப்படுத்துகிறது. அம்மோதகம் தமிழகத்தில் கொழுக்கட்டை, கன்னடத்தில் கடுபு, ஒடிசாவில் மண்டா பிட்டா. காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் நேவார் மக்கள் அறுவடைக்குப் பின்வரும் முழுநிலா நாளில், அரிசி மாவுக்குள் வெல்லப்பாகும் எள்ளும் வைத்து ஆவியில் வேகவைக்கும் 'யோமரி'யும் அவ்வினத்ததே. வங்கதேசத்தில் குளிர்காலத்து ஈச்ச வெல்லம் வைத்து அவிக்கும் 'பாபா பிட்டா' இனிப்புப் பிட்டுக்கு நெருங்கிய உறவு.

விருந்தாக வந்த ஜிலேபி

எல்லாப் பண்டமும் இம்மண்ணில் பிறந்ததன்று. ஜிலேபி மேற்கிலிருந்து வந்த விருந்தாளி. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் தொகுக்கப்பெற்ற அரபுச் சமையல் நூலில் 'சுலாபியா' என்னும் பண்டம் இடம்பெறுகிறது. பாரசீகர் அதனைச் 'சுல்பியா' என்பர். அது இந்தியாவில் வேரூன்றியதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய எழுத்துச் சான்று ஒரு சமண நூலில் உள்ளது. 1450 அளவில் ஜினசூரர் இயற்றிய 'பிரியங்கர நிருப கதை', செல்வ வணிகன் ஒருவன் அளித்த விருந்தின் பண்டங்களைக் கூறுகையில் ஜிலேபியையும் குறிக்கிறது. இன்று வங்கதேசத்தில் 'ஜிலாபி', நேபாளத்தில் 'ஜேரி'. பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் இரமலான் மாலைகளில் நோன்பு துறக்கும் பண்டம். உளுந்து மாவைச் சுற்றிப் பிழிந்து பொரிக்கும் தமிழகத்து ஜாங்கிரிக்கு இலங்கையில் 'உந்து வளலு' என்னும் இணை உண்டு. அதனுள் நிறைவது கித்துள் பாணி. அயலாரின் பண்டத்தை ஏற்பதில் சமண வணிகர் இல்லங்கள் தயங்கவில்லை என்பதற்கு ஜினசூரரின் நூல் சான்று.

எழுதி வைத்த அடுக்களை

ஏற்றுக்கொண்டதோடு சமணர் அமையவில்லை, எழுதியும் வைத்தனர். 1025 அளவில் இரண்டாம் சாவுண்டராயர் என்னும் சமண அறிஞர் கன்னடத்தில் இயற்றிய 'லோகோபகார'த்தில், சோதிடம், மனைநூல், மரநூல் ஆகியவற்றோடு சமையற்கலைக்கும் ஓரிடம் தரப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த வடமொழி 'மானசோல்லாசம்' அரண்மனை உணவை விரித்துரைத்தது. இன்றைய ஹோளிகை, பூரண்போளி, போளி ஆகியவற்றின் மூதாதையாகிய இனிப்பை அதிற் காணலாம். ஆனால் அந்நூல் ஊன் உணவையும் பேசும். 1508 அளவில் மூன்றாம் மங்கரசர் என்னும் சமணக் குறுநில மன்னர் கன்னடச் செய்யுளில் இயற்றிய 'சூபசாஸ்திரம்' ஊன் கலவாத உணவை மட்டுமே கூறுவது. அண்டை வீட்டாரின் பண்டங்களையெல்லாம் கொண்டே, கொல்லாமை வழுவாத ஒரு முழு அடுக்களையை அமைத்துக் காட்டியது அது.

எவருடைய பண்டம்?

அண்மைக் காலத்தில் பண்டங்களுக்கு உரிமை கோரும் வழக்குகள் பெருகியுள்ளன. ரசகுல்லா எந்த மாநிலத்தது என்று மேற்கு வங்கமும் ஒடிசாவும் பல்லாண்டுகள் வாதிட்டன. 2017இல் வங்க ரசகுல்லாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019இல் ஒடிசாவின் ரசகுல்லாவுக்கும் தனியே கிடைத்தது. ஓர் ஊரின் கைப்பக்குவத்தைக் காக்கவும் வணிகத்தில் போலிகளைத் தடுக்கவும் இத்தகைய குறியீடு பயன்படும். ஆனால் பண்டத்தின் பிறப்பை வேலியிட்டு அடைக்க அதனால் இயலாது. இரு மாநிலத்துக்கும் இரு குறியீடுகள் வழங்கப்பட்டமையே அதனை உணர்த்துகிறது.

அங்ஙனமாயின் அதிரசத்திலோ இலட்டிலோ சமணர்க்கென உரியது யாது? மாவும் பாகும் பொது. அவற்றை ஆளும் நெறியே தனி. உயிர்க்கொலை அஞ்சித் தேனை விலக்கிய இல்லத்தில் இனிமைக்குக் கரும்பே துணையாயிற்று. நீரை வடிகட்டியே அடுப்பில் ஏற்றுவர். இடித்த மாவுக்குத் திகம்பர மரபு மழைக்காலத்தில் 3 நாள், வேனிலில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என எல்லை வகுத்தது; அதற்குமேல் அதில் நுண்ணுயிர் தோன்றும் என்பது கருத்து. கதிர் மறையுமுன் சமைத்து, கதிர் மறையுமுன் உண்பர். மகாவீரர் வீடுபேறுற்ற தீபாவளிப் புலரியில் பாவாபுரியில் படைக்கப்படும் நிர்வாண லாடு, வடிவில் ஊரார் இலட்டே. அதனைப் புனிதமாக்குவது செய்தவர் கடைப்பிடித்த தூய்மை.

இந்நெறிதான் இன்று நெகிழும் நிலையில் உள்ளது. வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து பிள்ளைகள் படிப்புக்கும் பணிக்குமாகப் பெருநகரங்களுக்குச் சென்றபின், பண்டிகைப் பலகாரம் பல வீடுகளில் கடைப்பெட்டியில் வருகிறது. பெட்டியினுள் இருப்பது அதே அதிரசமாகவும் அதே இலட்டாகவும் இருக்கலாம். மாவு என்று அரைத்தது, நீர் வடித்ததா, தேன் சேர்ந்ததா என்பனவற்றைப் பெட்டி சொல்லாது. மேலே மின்னும் வெள்ளித்தாள் ஒட்டப்பட்ட இனிப்புகள் பல. அத்தாளை மாட்டின் குடல் தோலடுக்குகளுக்கிடையே வைத்து அடித்து மெல்லிதாக்குவதே நெடுங்காலத் தொழில்முறை என்பதைக் கருதினால், கொல்லாமை நோன்பினர் கேட்டறிந்து வாங்கவேண்டிய கடப்பாடு விளங்கும்.

கடையை முற்றும் துறத்தல் எல்லார்க்கும் இயலாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் வீட்டில் பாகு காய்ச்சுவதும், பதம் பார்க்கும் விரல்நுட்பத்தை மகளுக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் காட்டுவதும் இயலும். மங்கரசர் செய்யுளில் செய்ததைத் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் ஒரு குறிப்பேட்டில் செய்யலாம்: பாட்டியின் அளவும் பதமும், எந்த நோன்புக்கு எந்தப் பண்டம், எது விலக்கு, ஏன் விலக்கு என்பன அதில் ஏறட்டும். பண்டத்தின் அளவு எந்த நூலிலும் கிடைக்கும். விலக்கின் காரணம் அவ்வில்லத்தார் சொன்னாலன்றிக் கிடையாது.

அங்ஙனம் செய்த இனிப்பை அண்டை வீட்டார்க்கும் அளித்தல் வேண்டும். அவர் தெலுங்கராயினும் மராட்டியராயினும் வேறு சமயத்தவராயினும், தம் வீட்டுப் பண்டமே பிறிதொரு பெயரோடு வந்ததை அறிந்துகொள்வர். தேன் ஏன் சேர்க்கவில்லை என்று அவர் வினவினால், அவ்வினாவுக்கு அளிக்கும் விடையே கொல்லாமைக்குச் செய்யும் தொண்டாகும்.